பாளையமும் குடிகளும்

வெளிமாநிலத்துக்குப் படிக்க வந்திருக்கும் நம்மவர் பலர், படை தங்கியிருக்கும் ஊர்களில்தான் நாட்களைக் கழிக்கின்றனர். அத்தகைய ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி பொதுவாகத் தென்படும். ஊரின் ஒரு பாதியில் சாலை அகன்று நேராகச் செல்லும். இருமருங்கிலும் வயது முதிர்ந்த மரங்கள் நிற்கும். மறுபாதியில் கடைகளும் வீடுகளும் தோளோடு தோள் உரசி நிற்கும். இடையே ஓர் எல்லைக் கல். அக்கல்லைத் தாண்டினால் குப்பை வண்டி வேறு. வரிச் சீட்டு வேறு. வீடு கட்ட இசைவு கேட்டு ஏறவேண்டிய படியும் வேறு. ஊர் ஒன்று, ஆட்சி இரண்டு. ஒன்று நகராட்சி, மற்றொன்று கண்டோன்மெண்ட் போர்டு.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று விடுதி அறைகளில் வாதம் எழுவதுண்டு. துப்புரவான தெருவைக் கண்டவர் கண்டோன்மெண்டே மேல் என்பர். அங்கே ஒரு மாடி எழுப்ப முயன்றவரின் கதையைக் கேட்டவர் நகராட்சியே மேல் என்பர். இரு சாராரும் கிளையைப் பார்த்துப் பேசுகின்றனர், வேரைப் பார்ப்பதில்லை. ஓர் உள்ளாட்சியை எடைபோட மூன்று வினாக்கள் போதும். மண் யாருடையது? வாக்கு யாருக்கு? பணம் யார் தருவது? இம்மூன்றையும் கொண்டு கண்டோன்மெண்ட் ஆட்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பயில்வது அறிவியல், சட்டம் அன்று. ஆயினும், குடிமக்களை ஆளும் சட்டத்தைக் குடிமக்களில் எவரும் படித்து அறியலாம் அன்றோ?

1. பெயரும் பிறப்பும்

பாளையம் என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் படை இறங்கித் தங்கும் இடம் என்று பொருள். திருவனந்தபுரத்தின் நடுவே பாளையம் என்றொரு பகுதி இன்றும் உண்டு. திருவிதாங்கூர்ப் படை தங்கிய இடம் அது. தண்டு என்றாலும் படையே. பெங்களூர்க் கண்டோன்மெண்டைப் பழைய குடிகள் தண்டு என்றே வழங்கினர். ஆகவே, சொல் நமக்குப் புதிதன்று. அதனை ஒட்டி வளர்ந்த ஆட்சிமுறைதான் வெள்ளையர் வகுத்தது.

இந்தியாவின் முதல் கண்டோன்மெண்ட் கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் 1765-இல் அமைந்தது. படை ஓரிடத்தில் தங்கினால் அதற்கு அரிசி வேண்டும், துணி வேண்டும், சலவை செய்வோர், தைப்போர், சமைப்போர் வேண்டும். படையைத் தொடர்ந்து கடைத்தெரு வந்தது. சதர் பஜார், லால் குர்த்தி, தோப்கானா என வடநாட்டு ஊர்களில் நாம் கேட்கும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவையே. லால் குர்த்தி என்பது செஞ்சட்டை; செஞ்சட்டைச் சிப்பாய்களை நம்பி நடந்த கடைத்தெரு அது. தோப்கானா என்பது பீரங்கிப் படையின் இடம்.

இக்கடைத்தெருக்களை ஆளத் தனிச் சட்டம் ஏன் வந்தது? விடை நோயில் இருக்கிறது. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையின் சுகாதார நிலையை ஆராய அமைந்த அரச ஆணையம் 1863-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆண்டொன்றுக்கு ஆயிரம் சிப்பாய்களில் 69 பேர் வீதம் மாண்டனர் என்று அது கணக்கிட்டது. போரில் மாண்டவரைவிட நோயில் மாண்டவரே மிகுதி. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இவ்வாராய்ச்சியில் பெரும்பங்கு கொண்டார். குடிநீர், கழிவுநீர், கடைத்தெரு நெரிசல் ஆகியவற்றை அடக்கினாலன்றிப் படை பிழைக்காது என்பது தெளிவாயிற்று. அடுத்த ஆண்டே, 1864-இல், கண்டோன்மெண்டுகளுக்கெனச் சட்டம் பிறந்தது.

இவ்வரலாற்றில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே குடிகளின் சாக்கடை சீர்செய்யப்பட்டது, குடிகள் கேட்டமையால் அன்று; சிப்பாயின் உடல்நலத்துக்காக. நன்மை குடிகளுக்கும் கிட்டியது. ஆனால் அது வழியோடு கிட்டிய நன்மை. இந்தப் பிறவிக் குணம் பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலில் வென்ற உறுப்பினர்க்கு இடம் தந்தது. விடுதலைக்குப் பின்னும் அச்சட்டமே நெடுங்காலம் ஆண்டது. அதனை நீக்கி வந்ததுதான் 2006-ஆம் ஆண்டுக் கண்டோன்மெண்ட் சட்டம்.

விடுதலைக்குப் பின் புதிதாக அமைந்த கண்டோன்மெண்டுகள் மிகச் சில. 1962-இல் அமைந்த அஜ்மீரே கடைசி. மொத்தம் 62 என்றிருந்தது. தமிழ்நாட்டில் இரண்டு: பரங்கிமலை–பல்லாவரம் ஒன்று, நீலகிரியின் வெலிங்டன் மற்றொன்று. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 13, உத்தரகண்டில் 9. இந்தூருக்கு அருகிலுள்ள மாவ் ஊரையும் இங்கே நினைவுகூர வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1891-இல் பிறந்தது அந்தக் கண்டோன்மெண்டில்தான். அவர்தம் தந்தையார் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர்.

2. மன்றத்தில் அமர்வோர் யார்?

நகராட்சி மாநிலச் சட்டத்தால் இயங்குவது. கண்டோன்மெண்டோ மத்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மத்தியப் பட்டியலின் மூன்றாம் இனமாக அது வைக்கப்பட்டுள்ளது. எல்லையை வகுத்தல், அங்குள்ள உள்ளாட்சி, வீட்டு வாடகைக் கட்டுப்பாடு ஆகிய எல்லாம் அதில் அடங்கும். நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் தனி இடம் தந்த 74-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வெளிச்சம் கண்டோன்மெண்டின் மேல் நேராக விழவில்லை. மானியம் பெறுதல், மத்திய நலத்திட்டங்களை நிறைவேற்றுதல் ஆகியவற்றுக்கு மட்டும் போர்டை நகராட்சியாகக் கருதலாம் என 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

மக்கள்தொகையைக் கொண்டு கண்டோன்மெண்டுகள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 50,000-க்கு மேற்பட்டது முதல் வகுப்பு. 10,000 முதல் 50,000 வரை இரண்டாவது. 2,500 முதல் 10,000 வரை மூன்றாவது. அதற்கும் குறைந்தது நான்காவது.

முதல் வகுப்பின் போர்டை எடுத்துக்கொள்வோம். நிலையத்தின் படைத்தலைவரே போர்டின் தலைவர். மாவட்ட ஆட்சித் தலைவர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி, முதன்மை நிர்வாக அதிகாரி, சுகாதார அதிகாரி, நிர்வாகப் பொறியாளர் ஆகியோர் பதவி வழியே உறுப்பினர். இவர்களோடு, நியமனம் பெற்ற படை அதிகாரிகள் மூவர். ஆக எண்மர். எதிரே மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எண்மர். இரண்டாம் வகுப்பில் ஏழுக்கு ஏழு. மூன்றாம் வகுப்பில் ஆறுக்கு ஆறு. நான்காம் வகுப்பில் இரண்டுக்கு இரண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தமக்குள் ஒருவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்துகொள்வர். இடங்களில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் மகளிர்க்கு உரியவை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் சிறப்பு அழைப்பாளராக வரலாம். வாக்கு மட்டும் இல்லை.

பாதிக்குப் பாதி என்றால் நீதிதானே என்று தோன்றும். இங்கேதான் கூர்ந்து நோக்க வேண்டும். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைமை வகிப்பவர்க்கு இரண்டாவது வாக்கு ஒன்று உண்டு. வேதியியல் கூடத்துத் தராசை நாம் அறிவோம். இரு தட்டிலும் எடை சமமாக இருக்கும்போது, மேற்கோலின்மேல் ரைடர் என்னும் சிறு கம்பியை ஓர் இழை நகர்த்தினால் போதும். முள் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எட்டுக்கு எட்டு என்ற தராசில் அந்த ரைடர்தான் தலைவரின் இரண்டாம் வாக்கு. கம்பி சிறிது, விளைவு பெரிது.

அதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. போர்டின் முடிவு எதுவேனும் படையின் நலம், ஒழுங்கு, பாதுகாப்பு ஆகியவற்றுக்குக் கேடு எனத் தலைவர் கருதினால், காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அம்முடிவை ஒரு மாதம் வரை நிறுத்திவைத்து மேலிடத்துக்கு அனுப்பலாம். பொதுமக்களின் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு எனக் கண்டால் மாவட்ட ஆட்சித் தலைவரும் மேலே எழுதலாம். படைமுகாமில் இத்தகைய காவல் தேவையே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயுதக் கிடங்கின் வேலியோரம் எது எழலாம், எது எழலாகாது என்பதைப் படை அறியும். பலசரக்குக் கடைக்காரர் அறியார். ஆனால் தெருவிளக்குக்கும் ஆயுதக் கிடங்குக்கும் ஒரே பூட்டு வேண்டுமா என்பதே வினா.

சட்டம் இதனை முற்றும் மறந்துவிடவில்லை. குடியிருப்புப் பகுதி எனக் குறிக்கப்பட்ட இடங்களுக்கென ஒரு குழு உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், சுகாதார அதிகாரி, நிர்வாகப் பொறியாளர் ஆகியோர் மட்டுமே அதில் இருப்பர். அங்கே மக்கள் உறுப்பினரே பெரும்பான்மையர். நல்ல துணைத்தலைவர் வாய்த்த ஊர்களில் கடைத்தெருவின் அன்றாடக் காரியங்கள் இக்குழுவில்தான் முடிவாகும்.

3. ஒரு மாதத்து அலுவல்

போர்டு மாதம் ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. தெருவிளக்கு, துப்புரவு, வடிகால், குடிநீர், பிறப்பு–இறப்புப் பதிவு, தடுப்பூசி, மருத்துவமனை, தொடக்கப்பள்ளி, தீயணைப்பு, சந்தை, மரம் நடுதல் என அதன் கடமைகள் நீளும். பட்டியலைப் பார்த்தால் நகராட்சிக்கும் இதற்கும் வேறுபாடு தோன்றாது. 2021 பிப்ரவரியில் இ-சாவனி என்னும் இணையவழிச் சேவை தொடங்கப்பட்டது. வரி கட்டுதல், தொழில் உரிமம் புதுப்பித்தல், முறையீடு பதிதல் ஆகிய பல அலுவல்களை அதன் வழியே முடிக்கலாம்.

வேறுபாடு விளங்க, ஒரு கடைக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். சதர் பஜாரில் அவருக்குப் பாட்டன் வழி வந்த வீடு. கீழே கடை, மேலே குடியிருப்பு. மகனுக்குத் திருமணம். மேலே இன்னும் ஓர் அறை கட்ட விரும்புகிறார். எல்லைக் கல்லுக்கு அப்பால் அவர் வீடு இருந்திருந்தால் வரைபடத்தோடு நகராட்சியின் பொறியாளரைப் பார்த்தால் போதும். இப்பால் இருப்பதால், வரைபடத்தோடு வேறொரு கேள்விக்கும் விடை வேண்டும்: இந்த மண்ணில் உமக்கு என்ன உரிமை? நிலம் பாதுகாப்பு நில அதிகாரியின் பொறுப்பில் உள்ளதாயின், அரசுக்கு மறுப்பு உண்டா என அவரிடம் போர்டு கேட்டறிந்த பின்னரே கட்ட இசைவு தரும். திருமண நாள் காத்திருக்காது, கோப்பு காத்திருக்கும்.

இதனால் விளைவது என்ன? சிலர் அறை கட்டாமலே நெருக்கடியில் வாழ்கின்றனர். சிலர் இசைவின்றிக் கட்டிவிடுகின்றனர். இசைவின்றிக் கட்டியவர்க்குப் பின்னர் ஓர் இடி காத்திருக்கிறது; அதனை வாக்கைப் பற்றிச் சொல்லும்போது காண்போம்.

4. மண் யாருடையது?

கண்டோன்மெண்டின் நிலம் முழுவதும் வகுப்புப் பிரித்துப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். படையின் நேர்ப் பயனுக்குரியது அ வகுப்பு. படைக்கு உடனே வேண்டாத, ஆயினும் அரசின் பிடியிலுள்ள நிலம் ஆ வகுப்பு. போர்டிடமே ஒப்படைக்கப்பட்டது இ வகுப்பு. பொதுச் சாலை, சந்தை போன்றவை அதில் வரும். 1937-ஆம் ஆண்டு நில நிர்வாக விதிகள் இப்பிரிவை வகுத்தவை. பழைய பங்களாக்களும் கடைத்தெரு வீடுகள் பலவும் ஆ வகுப்பில் அடங்கும்.

அவற்றுள் பழைய மானியம் எனப்படுவது ஒரு வினோதமான உரிமை. அதன் வேர் 1836-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாளிட்ட தலைமை ஆளுநரின் 179-ஆம் எண் ஆணையில் உள்ளது. படை அதிகாரிகள் தங்க வீடு வேண்டும். அரசிடம் கட்டப் பணமில்லை. நிலத்தை நாம் தருகிறோம், வீட்டை நீ கட்டு என்றது கும்பினி அரசு. ஆனால் நிலம் என்றும் அரசுடையதே. ஒரு மாத அறிவிப்புத் தந்து, கட்டடத்தின் மதிப்பைக் கொடுத்து, அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். சுவர் உன்னுடையது, சுவர் நிற்கும் மண் உன்னுடையதன்று என்பதே இதன் சாரம்.

கும்பினி போயிற்று, பேரரசும் போயிற்று. அந்த ஆணையின் நிழல் மட்டும் போகவில்லை. விடுதலை பெற்ற நாட்டின் நீதிமன்றங்களிலும் பழைய மானிய வழக்குகள் வந்தவண்ணம் இருந்தன. பல தலைமுறை வாழ்ந்துவிட்டால் மண்ணும் நமதாகிவிடும் என்னும் நம்பிக்கை அவற்றில் பலமுறை உடைந்தது. மானிய நிலத்தில் அரசின் உரிமை நீடிக்கிறது என்பதையே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மண்ணோடு சேர்ந்ததே வழியும். படைப் பகுதியின் ஊடே செல்லும் சாலைகளைக் காவல் கருதி அடைப்பதுண்டு. செகந்திராபாத் போன்ற ஊர்களில் இதனால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சுற்றிப் போகவேண்டிய நிலை வந்து, பெருங்கூக்குரல் எழுந்தது. காவல் காரணம் அல்லாத பிற காரணத்தால் தெருவை அடைக்கலாகாது, பொது அறிவிப்புத் தந்து மக்களின் மறுப்பையும் கேட்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2018 மே மாதத்தில், நிர்மலா சீதாராமன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, அடைத்த சாலைகளைத் திறக்கும் முடிவு எடுக்கப்பட்டது. திறந்தால் காவல் தளரும் என்று படைக் குடும்பத்தார் பலர் வருந்தினர். ஊர் மக்கள் மகிழ்ந்தனர். இரு சாரார் சொல்லிலும் பொருள் இருந்தது. அதனை எடைபோட வேண்டிய இடம் போர்டின் கூட்டமே.

எல்லைக் கல்லுக்கு அப்பாலுள்ள நகராட்சியும் படையின் நிழலுக்குத் தப்புவதில்லை. மும்பையின் ஆதர்சு அடுக்குமாடி விவகாரத்துக்குப் பின், 2011-இல் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு நெறிமுறை வகுத்தது. படை அமைப்பிலிருந்து 100 மீட்டருக்குள் கட்ட இசைவு தருமுன் படையின் கருத்தை நகராட்சி கேட்க வேண்டும் என்றது. 2016-இல் பல நிலையங்களுக்கு இத்தூரம் 10 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஒரு சுற்றறிக்கையில் மாறிய ஓர் எண், நூற்றுக்கணக்கான மனைகளின் விலையையும் பயனையும் மாற்றிவிடுகிறது.

5. பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், சந்தை வாடகை ஆகியவை போர்டின் சொந்த வருவாய். மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் வரிமதிப்பீட்டுப் பட்டியலைப் புதுக்க வேண்டும். மதிப்பு மிகுதி எனக் கருதுவோர் மறுப்பு எழுதிக் கொடுக்கலாம்.

ஆனால் கண்டோன்மெண்டில் பெரிய நிலக்கிழார் அரசுதான். அரசின் சொத்துக்கு வரி இல்லை. அதற்கு ஈடாகப் படைத்துறை சேவைக் கட்டணம் தரும். பற்றாக்குறைக்குப் பாதுகாப்பு அமைச்சகம் மானியம் தரும். சேவைக் கட்டணம் தாமதமானால் போர்டின் பெட்டி காலியாகும்.

அண்டை நகராட்சிக்கும் இதே நோய் உண்டு. மத்திய அரசின் சொத்துக்கு வரி விதிப்பதை அரசியலமைப்பின் 285-ஆம் பிரிவு தடுக்கிறது. ராஜ்கோட் மாநகராட்சி தொடுத்த வழக்கில், 2009-இல், உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு கணக்கு முடிவாயிற்று. நகராட்சியின் எல்லாச் சேவைகளையும் பெறும் மத்திய அரசுச் சொத்துக்கு, வரியளவில் 75 விழுக்காடு சேவைக் கட்டணம். ஒரு பகுதி பெற்றால் 50. எதுவும் பெறாவிடில் 33⅓.

அடுத்து வந்தது 2017. மகாராட்டிரம் போன்ற இடங்களில் கண்டோன்மெண்டுகள் ஊருக்குள் வரும் சரக்கின்மேல் விதித்த வரியால் வாழ்ந்துவந்தன. 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி நாடெங்கும் வந்தபோது அவ்வருவாய் மறைந்தது. நகராட்சிகளுக்கு ஈடு தர மாநில அரசு இருந்தது. கண்டோன்மெண்டோ மாநிலத்தின் பிள்ளை அன்று. மத்திய அரசின் பிள்ளை. புணே, கட்கி போர்டுகள் தமக்கும் பங்கு வேண்டும் என்று மாநிலத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. நகர அமைப்புகளுக்கான மானியத்தில் கண்டோன்மெண்டுகளுக்கும் தலைக்கணக்கில் பங்கு தரவேண்டும் எனப் பதினைந்தாம் நிதி ஆணையம் பின்னர் பரிந்துரைத்தது. இரண்டு வீட்டுக்கு உறவான பிள்ளை இரண்டு வீட்டிலும் பசியோடு இருந்த கதை இது.

6. வாக்கு யாருக்கு?

பதினெட்டு வயது நிறைந்து, தகுதி நாளுக்கு முன் ஆறு மாதம் கண்டோன்மெண்டில் வசித்தவர் எவரும், வேறு தகுதிக் குறைவு இல்லையாயின், வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாம். நிலம் வேண்டியதில்லை, வீடு வேண்டியதில்லை. வாடகைக்குக் குடியிருப்போர்க்கும் இது பொருந்தும்.

ஆனால் முன்னே சொன்ன இடி இங்கேதான் விழுகிறது. மத்தியப் பிரதேசத்தின் பச்மரி ஒரு சிறு மலையூர். அங்கே ஒரு கண்டோன்மெண்ட் உண்டு. இசைவின்றி எழுந்த, வீட்டு எண் பெறாத வீடுகளில் வசிப்போர்க்குப் போர்டுத் தேர்தலில் வாக்கு உண்டா என்ற வழக்கு அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016-இல், இல்லை என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தை மீறி எழுந்த வீடு வாக்குரிமைக்கு அடிப்படை ஆகாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. இதன் பின் வேறு ஊர்களிலும் பட்டியலிலிருந்து பெயர்கள் நீங்கின. மண்ணின் கேள்வி எவ்வாறு வாக்கின் கேள்வியாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மகனின் திருமணத்துக்காகக் கட்டிய அறை, தந்தையின் வாக்கைத் தின்றுவிடக் கூடும்!

இனி, வாக்கு இருப்பவர்க்கும் தேர்தல் வேண்டுமே! பெரும்பாலான போர்டுகளுக்கு 2015 ஜனவரியில் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக் காலம் 2020 பிப்ரவரியில் முடிந்தது. ஆறாறு மாதமாக இருமுறை நீட்டினர். 2021 பிப்ரவரியில் அதுவும் முடிந்தது. பின்னர் வந்தது மாற்றியமைக்கப்பட்ட போர்டு. அதில் மூவர் மட்டுமே: தலைவராகப் படைத்தலைவர், முதன்மை நிர்வாக அதிகாரி, அரசு நியமிக்கும் குடிமகன் ஒருவர். 2023 பிப்ரவரியில், 57 போர்டுகளுக்கு ஏப்ரல் 30-இல் தேர்தல் என அறிவிப்பு வந்தது. வேட்பாளர்கள் தெருவில் இறங்கினர். மார்ச் 17-இல் அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது.

எட்டுக்கு எட்டு என்ற தராசைப் பற்றி மேலே பேசினோம். மூவர் போர்டில் அத்தராசே இல்லை. பல்லாயிரம் பேருக்காக நியமன உறுப்பினர் ஒருவர் பேசுகிறார். அவர் நல்லவராக இருக்கலாம், உழைப்பவராகவும் இருக்கலாம். ஆயினும் அவரை அனுப்பியது மக்கள் அல்லர். அடுத்த முறை வேண்டாம் என்று சொல்லவும் மக்களால் இயலாது.

7. கலைத்துவிட்டால் தீருமா?

தேர்தல் நிறுத்தப்பட்டதற்குப் பின்னணியில் ஒரு பெரிய மாற்றம் உருவாகிவந்தது. குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்து அண்டை உள்ளாட்சியோடு சேர்ப்பது, படைப் பகுதியை மட்டும் தனி நிலையமாக வைத்துக்கொள்வது என்பதே அது. இதனால் படைக்கும் பயன்: குடிமக்களின் சாக்கடைக்குப் பாதுகாப்புப் பணம் செலவாகாது. குடிகளுக்கும் பயன்: மாநிலத்தின் நலத்திட்டங்கள் எட்டும். இமாசலப் பிரதேசத்தின் யோல், இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்க்கைதிகளை வைத்திருந்த ஊர். 2023 ஏப்ரல் 27-இல் அங்கே கண்டோன்மெண்ட் நீக்கப்பட்டது. 62 என்ற எண் 61 ஆயிற்று. 2024-இல் டேராடூன், தேவ்லாலி, நசீராபாத் முதலிய பத்து ஊர்களுக்கு வரைவு அறிவிப்புகள் வந்தன.

இது முற்றிலும் புதிய வழி அன்று. பெங்களூர்க் கண்டோன்மெண்ட் 1809-இல் எழுந்தது. சென்னைப் படையோடு தமிழர் பெருந்திரளாகச் சென்று அல்சூரிலும் அதன் சுற்றிலும் குடியேறினர். அது மைசூர் நகராட்சிக்கு அடங்காத தனி ஊராக வளர்ந்தது. 1947-இல் மைசூரிடம் திரும்பிற்று. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சி பிறந்தது. நம் முன்னோர் பலர் தம் வாழ்நாளிலேயே பாளையத்துக் குடியாகவும் மாநகரத்துக் குடியாகவும் இருந்தவர்கள்.

எனவே இணைப்பு இயலாத ஒன்றன்று. ஆனால் இணைத்தவுடன் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. 2024-இல் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த நெறிகளைப் பாருங்கள். சாலை, குழாய், பள்ளி போன்ற ஊர்நலச் சொத்துகள் விலையின்றி நகராட்சிக்குப் போகும். போர்டின் கடன்களும் பொறுப்புகளும் உடன் போகும். ஆனால் நிலத்தின் உடைமை, பொருந்தும் இடமெல்லாம், மத்திய அரசிடமே இருக்கும். ஆக, வாக்கு மாறும், பணத்தின் ஊற்று மாறும், மண் மாறாது. கடைக்காரர் வேறோர் அலுவலகத்தின் படி ஏறுவார். உமக்கு என்ன உரிமை என்ற அதே கேள்வி அங்கேயும் அவரை எதிர்கொள்ளக் கூடும்.

ஆதலால், கண்டோன்மெண்டா நகராட்சியா என்ற வாதத்தில் வென்று பயனில்லை. எந்தப் பெயர்ப் பலகை தொங்கினாலும் மூன்று வேண்டும். தலைமுறைகளாக வாழ்வோர்க்கு நிலத்தில் எழுத்து வடிவான, தெளிந்த உரிமை வேண்டும். உரிய காலத்தில் தேர்தல் வேண்டும். வரியும் சேவைக் கட்டணமும் தவறாது வந்துசேரும் கணக்கு வேண்டும். இம்மூன்றும் உள்ள கண்டோன்மெண்ட், இம்மூன்றும் இல்லாத நகராட்சியைவிட மேல். மறுதலையும் உண்மையே.

நண்பர்களே, நாம் இங்கே சில ஆண்டுகள் தங்கிச் செல்வோர். நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நாம் குடிக்கும் நீரும், நடக்கும் தெருவும், தரும் வாடகையில் அடங்கிய வரியும் இந்த அலுவல்களோடு பிணைந்தவை. போர்டின் கூட்டம் பொதுமக்கள் முன் நடக்க வேண்டியது. கதவை மூட வேண்டுமாயின் தலைமை வகிப்பவர் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆகவே, நம் சங்கத்தின் சார்பில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருநாள் போய் அமர்ந்து கேட்கலாம். கண்டோன்மெண்டில் அறை எடுத்திருப்போர் தங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறத் தக்கதா என விசாரிக்கலாம். மாநிலத்து மொழி நன்கு தெரிந்தவர், வரிச் சீட்டையும் அறிவிப்பையும் படிக்க இயலாத தமிழ்க் குடும்பங்களுக்குப் படித்துச் சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு மில்லிகிராம் பிழையையும் விடாது தேடும் நாம், நம்மை ஆளும் தராசின் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்த்து வைப்போம்.